பிராசஸிங்கில் பார்த்துக்கொள்பவர்

உங்கள் தெருவில் ஒருவர் இருப்பார். நன்றாக யோசித்துப் பாருங்கள், கட்டாயம் இருப்பார். மழை விட்டு வானம் வெளுத்ததும் மற்றவர்கள் துணி காயப்போட மொட்டைமாடிக்கு ஓடினால், இவர் ஒரு பெரிய வெள்ளைக் குழாயைக் கைக்குழந்தை போல மார்போடு அணைத்துக்கொண்டு ஓடுவார். கல்யாணப் பத்திரிகை வந்தால் மாப்பிள்ளை யார், பெண் யார் என்று பார்க்கமாட்டார். தேதியைப் பார்ப்பார், அன்றைக்கு நிலா எத்தனை மணிக்கு எழும்புகிறது என்று போனில் பார்ப்பார், நிலா இல்லாத நாள் என்று தெரிந்தால், படம் எடுக்கத் தோதான இருட்டு போயிற்றே என்று உதட்டைப் பிதுக்குவார். அமாவாசைக்கு முன்னும் பின்னும் நான்கு நாட்களுக்கு உறவில் யாரும் கல்யாணம் செய்யவும் கூடாது, சாகவும் கூடாது. செய்தால், செத்தால், இவர் வரமாட்டார். இவர்தான் வானத்துப் புகைப்படக்காரர். அதிலும் நிலாவையும் சனியையும் எடுத்துத் திருப்திப்படுகிற சில்லறை ஆசாமி அல்ல, நெபுலா எடுப்பவர்.

நெபுலா என்றால் என்ன என்று தயவுசெய்து அவரிடம் கேட்டுவிடாதீர்கள். நானே சொல்லிவிடுகிறேன். விண்வெளியில் கிடக்கும் மாபெரும் வாயுக் கூட்டம், உள்ளே இருக்கும் இளம் நட்சத்திரங்கள் தருகிற சக்தியை வாங்கிக்கொண்டு தானும் ஒளிர்கிறது, பெரும்பகுதி ஹைட்ரஜன் என்பதால் சிவப்பு, வெறுங்கண்ணுக்குத் தெரியாது. எனக்கு இரண்டு வரி ஆயிற்று. அவருக்கு இரண்டரை மணி நேரம் ஆகும், நடுவில் தண்ணீர்கூடத் தரமாட்டார்.

நான் சொல்லப்போகிற நம்மவர் உத்தியோகத்தில் லிஃப்ட் ஆய்வாளர். பகல் முழுக்கக் கட்டடங்களின் உச்சியில் நின்று கிணறு போன்ற பள்ளத்துக்குள் டார்ச் அடித்துப் பார்ப்பது வேலை. அந்தக் குனிவுக்கெல்லாம் சேர்த்து ராத்திரியில் அண்ணாந்து பார்ப்பது பொழுதுபோக்கு. ஆறு வருடமாக அவர் துரத்துவது ஒரே ஒரு நெபுலாவை. ரோஜாப்பூ போல இதழ் விரித்து, நடுவில் ஓட்டையாக இருப்பதால் அதற்கு ரோஜா நெபுலா என்று பெயர். ஐயாயிரம் ஒளியாண்டு தூரத்தில் இருக்கிறது. அது அங்கே சும்மா இருக்கிறது என்பதும், ஏற்கெனவே ஆயிரம் பேர் இவரைவிட நன்றாக அதைப் படம் எடுத்துவிட்டார்கள் என்பதும் அவருக்குத் தெரியும். தெரிந்தால் என்ன? அது அவர்கள் எடுத்த ரோஜா.

ஒரு படத்துக்கு ஐந்து நிமிடம். அதாவது கேமராவின் கண்ணைத் திறந்து ஐந்து நிமிடம் அப்படியே வைத்திருக்க வேண்டும், யாரும் மாடியில் நடக்கக்கூடாது, தும்மக்கூடாது. அப்படி ஒரு ராத்திரிக்கு ஐம்பது அறுபது. இதனால் வீட்டில் எதைக் கேட்டாலும், கேஸ் சிலிண்டர் மாற்றுவதானாலும் சரி, வாசலில் வந்து நிற்கிற விருந்தாளிக்குக் கதவு திறப்பதானாலும் சரி, அவர் வாயில் வருவது “அஞ்சு நிமிஷம்.” ஆபீஸிலும் அதையே சொல்லப்போக, அங்கே அவருக்கு அஞ்சு நிமிஷம் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். “அஞ்சு நிமிஷம் வந்தாச்சா?” என்று பியூன் கேட்பதும், “இன்னும் பத்து நிமிஷத்துல வந்துடும்” என்று தலைமை எழுத்தர் சொல்வதும் அங்கே தினப்படி நடப்பது.

எடுப்பது ஒரு பங்கு வேலைதான். எடுத்ததைச் சுத்தம் செய்ய வேறு படங்கள் எடுக்க வேண்டும் என்பது இந்த இனத்தின் சட்டம். முதலில் இருட்டுப் படம். கேமராவுக்கு மூடியைப் போட்டு, மூடியைப் போட்டபடியே ஐந்து நிமிடம் படம் எடுப்பது. ஆமாம், சரியாகத்தான் படித்தீர்கள். ஒன்றுமில்லாததைப் படம் எடுத்தால்தான் கேமரா தானாகக் கிளப்புகிற புள்ளியும் அழுக்கும் என்னவென்று தெரியுமாம். பிறகு அதை நல்ல படத்திலிருந்து கழித்துவிடலாமாம். அந்த இருட்டும் ராத்திரிக் குளிரில் எடுத்த இருட்டாக இருக்க வேண்டும் என்பதால் நம்மவர் கேமராவை ஃபிரிட்ஜில் வைத்து எடுப்பார். தயிர்ப் பாத்திரத்துக்கும் கத்தரிக்காய்க்கும் நடுவில் உட்கார்ந்து அது மணிக்கணக்காக ஒன்றுமில்லாததைப் படம் பிடிக்கும். அடுத்தது வெள்ளைப் படம், கண்ணாடியில் படிந்த தூசியைக் காட்டிக்கொடுப்பது. பழைய பனியனைச் சுருக்கமில்லாமல் இழுத்துத் தொலைநோக்கிக் குழாயின் வாயில் கட்டி, காலையில் வெளுத்த வானத்துக்கு நேரே பிடித்து எடுப்பது. இதற்குப் போன பனியன்களின் கணக்கை அவர் மனைவி சொல்ல ஆரம்பித்தால் கட்டுரை இங்கேயே நின்றுவிடும்.

இதெல்லாம் முடிந்தபின் வருவதுதான் பிராசஸிங். கம்ப்யூட்டரில் முந்நூறு படத்தை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சராசரி எடுத்தால் மங்கலாக இருந்தது துலங்கும், புள்ளிகள் அடங்கும். அடுக்குகிற மென்பொருளுக்கு ஒரு சாமர்த்தியம் உண்டு, அதைப் பற்றிப் பேசும்போது நம்மவருக்குக் குரலே கம்மும். முந்நூறு படத்தில் நாலைந்தில் மட்டும் ஒன்று தெரிந்தால், அது குறுக்கே போன ஏரோப்ளேன், செயற்கைக்கோள் அல்லது பூச்சி என்று அது தானாகவே தூக்கி எறிந்துவிடும். எல்லாப் படத்திலும் நிலையாக இருப்பது எதுவோ அதுதான் நிஜம். வந்து போவதெல்லாம் குப்பை. இதை அவர் ஒரு வாழ்க்கைத் தத்துவமாகவே மகளிடம் சொல்லியிருக்கிறார். மகள் பல் மருத்துவம் படிக்கிறவள். கேட்டுக்கொண்டே பரீட்சைக்குப் படிக்கக் கற்றுக்கொண்டுவிட்டாள்.

அடுக்கியபின் மங்கலில் ஒளிந்திருப்பதை வெளியே இழுப்பது, வெளிச்சம் கூட்டுவது, நட்சத்திரங்களை ஒரு மென்பொருளால் மொத்தமாகத் துடைத்தெடுத்துவிட்டு வாயுவை மட்டும் மெருகேற்றி, பிறகு அந்த நட்சத்திரங்களையே கொஞ்சம் சின்னதாக்கித் திரும்ப ஒட்டுவது. சிவப்பாக வந்ததைப் பொன்னிறமாக்குவார். பொன்னிறம் திகட்டினால் மீண்டும் சிவப்பாக்கி, இதுதான் இயற்கை என்பார். பிறகு இரண்டு படத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, வீட்டிலோ ஆபீஸிலோ கையில் சிக்கியவரைப் பிடித்து உட்காரவைத்து, எது நன்றாக இருக்கிறது என்று கேட்பார். இரண்டும் ஒன்றுதானே என்று சொன்னவர்கள் அவருடைய பேச்சுவார்த்தையை இழந்தார்கள். இடதுபக்கம் என்று சொன்னவர்களுக்கு வலதுபக்கம் ஏன் மேல் என்று விளக்கம் கிடைத்தது. தலைமை எழுத்தர் மட்டும் விவரமானவர். இரண்டையும் மாறி மாறிப் பார்த்து, பெருமூச்சு விட்டு, “சொல்ல முடியல சார்” என்பார். அவருக்கு மட்டும் டீ கிடைக்கும்.

இப்படிப்பட்ட மனிதர் தப்பு செய்யமாட்டார் என்று நினைக்காதீர்கள். நிறையச் செய்வார், ஆனால் கவலைப்படமாட்டார். குழாய் அசைந்துவிட்டதா? பிராசஸிங்கில் பார்த்துக்கொள்ளலாம். எதிர்வீட்டு வக்கீல் திருட்டுப் பயத்தில் போட்டுவைத்த விளக்கு படத்தின் ஒரு மூலையை வெளுக்க வைத்துவிட்டதா? பிராசஸிங்கில் பார்த்துக்கொள்ளலாம். மகளின் பள்ளி விழாவுக்கென்று வாங்கிய, வீட்டில் இருந்த ஒரே நல்ல கேமராவைப் பிரித்து, உள்ளே இருந்த ஒரு சின்னக் கண்ணாடி வில்லையைக் கழற்றி எறிந்ததும் இந்தத் தைரியத்தில்தான். மனிதக் கண் பார்க்கிற மாதிரி நிறம் வர வேண்டும் என்று கம்பெனிக்காரன் வைத்த வில்லை அது. ஹைட்ரஜனின் சிவப்பைப் பெரும்பாலும் அது மறித்துவிடும். எடுத்தாயிற்று. ரோஜா பளிச்சென்று வந்தது. ஆனால் பகலில் அந்தக் கேமராவால் எதை எடுத்தாலும், வெள்ளைச் சுவர்கூட, வெட்கப்பட்ட மாதிரி சிவந்து வந்தது. மனைவி கேட்டதற்கு என்ன சொன்னார் என்று நீங்களே சொல்லிவிடுவீர்கள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். மனைவி கணக்கு டீச்சர். அவருக்கு ஒரே ஓர் அண்ணன், லாரி மெக்கானிக், பத்து மணி நேர பஸ் பயணத் தொலைவில் இருப்பவர். பதினொரு வருடத்துக்கு முன்னால் அவர்களுடைய அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ஆபரேஷன் செய்யலாம் என்றார் அண்ணன், இந்த உடம்பு தாங்காது என்றார் தங்கை. செய்தார்கள். தாங்கவில்லை. அன்றைக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் தங்கை ஒரு வார்த்தை சொன்னார், அண்ணன் பதிலுக்கு ஒரு வார்த்தை சொன்னார். அதற்குப் பிறகு இருவரும் பேசவில்லை. பதினொரு வருடம் என்பது ஒளியாண்டு அல்ல, வீட்டுக்குள் ஒவ்வொரு நாளாகக் கழிக்க வேண்டிய வருடம். கல்யாணம், காதுகுத்து எதிலும் ஒருவர் வந்தால் மற்றவர் வரவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அந்த அண்ணன் சொல்லாமல் கொள்ளாமல் வாசலில் வந்து நின்றார். கையில் ஒரு பை, காலில் தூசி. ஏன் வந்தார் என்று அவரும் சொல்லவில்லை, தங்கையும் கேட்கவில்லை. சாப்பிட்டார்கள். தங்கை மகளின் படிப்பைப் பற்றி விசாரித்தார். சமையலறைக் குழாய் ஒழுகுவதைப் பார்த்துவிட்டு ஸ்பானர் கேட்டு வாங்கி அதைச் சரிசெய்தார். இரண்டு மணி பஸ்ஸுக்குப் போக வேண்டும் என்றார். அப்போதுதான் நம்மவரின் மனைவி, இந்த ஆறு வருடத்தில் முதல்முறையாக, கணவரிடம் வந்து மெதுவாகக் கேட்டார்.

“என்னங்க, அண்ணனையும் என்னையும் ஒரு படம் எடுத்துக் கொடுங்க.”

மகள் உடனே போனை எடுத்தாள். நம்மவர் அவளைப் பார்த்த பார்வை இருக்கிறதே, ஆபரேஷன் தியேட்டருக்குள் காய் நறுக்குகிற கத்தியோடு நுழைந்தவனை டாக்டர் பார்க்கிற பார்வை. அதெல்லாம் ஒரு கேமராவா, அதிலிருப்பது ஒரு சென்சாரா, கடுகளவு என்று சொல்லிப் போனை உள்ளே வைக்கச் சொன்னார். தானே எடுப்பதாகச் சொன்னார், முறைப்படி எடுப்பதாகச் சொன்னார். சொல்லிவிட்டு நேரே போய் ஃபிரிட்ஜைத் திறந்தார்.

பதினொரு வருடம் கழித்து வந்த மைத்துனர், தங்கை வீட்டில் தயிருக்குப் பக்கத்திலிருந்து கேமரா வெளியே வருவதைப் பார்த்தார். மரியாதைக்காரர், பார்வையைச் சுவர்க் காலண்டருக்கு மாற்றிக்கொண்டார். ஃபிரிட்ஜிலிருந்து வந்த கேமரா வெளிச் சூட்டில் குப்பென்று வியர்த்துவிட்டது. உள்ளே வெளியே எங்கும் நீர். “அஞ்சு நிமிஷம் மச்சான்” என்று சொல்லிவிட்டு நம்மவர் அதை ஹேர் டிரையரால் உலர்த்த ஆரம்பித்தார். முப்பத்தைந்து நிமிடம் உலர்த்தினார். அண்ணனும் தங்கையும் சோபாவில் இடையில் ஒரு முழ இடம் விட்டு உட்கார்ந்திருந்தார்கள். டிரையர் சத்தத்தில், பேச நினைத்திருந்தாலும் பேசியிருக்க முடியாது. பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம்கூட இல்லை.

பிறகு முக்காலி வந்தது. மனித முகத்துக்கு ஒரு படம் போதும் என்பது உங்களையும் என்னையும் போன்ற பாமரர்களின் எண்ணம். நம்மவர் முப்பது எடுக்கத் தீர்மானித்தார். முப்பதையும் அடுக்கினால் புள்ளியே இருக்காது. மூன்று வினாடிக்கு ஒன்றாகத் தானாக எடுக்கும்படி கேமராவை வைத்துவிட்டு, அசையக்கூடாது என்று இருவருக்கும் உத்தரவு போட்டார். முதல் படத்தைத் திரையில் பார்த்தார். சோபா, சுவர், அண்ணன், தங்கை எல்லாம் சிவப்பு. பார்த்துக்கொள்ளலாம் என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டார். கேமரா கிளிக், கிளிக் என்று எண்ணிக்கொண்டே போனது.

பத்து, பன்னிரண்டு படம் ஆகியிருக்கும். அண்ணன் சுவரைப் பார்த்தபடியே, அந்த ஒரு முழ இடத்தைத் தாண்டி, கிரீஸ் ஏறிய தன் வலது கையை எடுத்துத் தங்கையின் தோளில் வைத்தார். தங்கை தலையைத் திருப்பவில்லை. தோள் மட்டும் லேசாக அந்தக் கைப்பக்கம் சாய்ந்தது. அம்மாவின் கண் கலங்கியதை முக்காலிக்குப் பின்னால் நின்ற மகள் பார்த்தாள். நம்மவரும் பார்த்தார். அவர் கண்ணில் பட்டது வேறு.

“மச்சான், கை. கை அசையுது.”

கை போய்விட்டது. அண்ணன் அதை மடியில் வைத்து மற்றக் கையால் மூடிக்கொண்டார். மிச்சப் படங்கள் அசையாமல் பிரமாதமாக வந்தன. ஒன்றே முக்காலுக்கு அவர் பையை எடுத்துக்கொண்டு, “வர்றேம்மா, வர்றேன் மாப்பிள்ளை” என்று கிளம்பிப் போனார்.

மனைவி அன்று மாலையே படத்தைக் கேட்டார். இரண்டு நாள் என்றார் நம்மவர். இரண்டு நாள் கழித்துக் கேட்டபோது நிறம் இன்னும் சமனாகவில்லை என்றார். அந்த அம்மாள் எதையும் இரண்டாம் முறை கேட்கிறவர் இல்லை. பிள்ளைகள் கணக்கில் தப்பு செய்தால்கூட ஒருமுறைதான் சொல்வார். இந்தப் படத்தை மட்டும் ஆறு வாரம் கேட்டார். ஸ்கூலுக்குக் கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டார், துணி மடிக்கும்போது கேட்டார். ஒருநாள் கேட்காமல் கணவரின் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்று திரையைப் பார்த்தார். திரையில் அண்ணனுடைய மூக்கு மட்டும் எண்ணூறு மடங்கு பெரிதாக, சதுரம் சதுரமாகத் தெரிந்தது. பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

நம்மவரைக் குறை சொல்லக்கூடாது, உழைத்தார். ஆபீஸிலிருந்து வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தார். முப்பதையும் அடுக்கினார். சிவப்பைப் பிழிந்தெடுத்தார். சுவரில் இருந்த நீர்க்கறையை வானத்து வெளிச்சக் கறையைப் போக்குகிற கருவியால் போக்கினார். கண்ணில் பளபளத்த புள்ளிகளை நட்சத்திரம் துடைக்கிற மென்பொருள் துடைத்துவிட்டது. அதைப் பரவாயில்லை, சுத்தமாக இருக்கிறது என்று விட்டுவிட்டார். அடுக்கியது திருப்தியாக அமைந்ததும் மூலப்படங்கள் முப்பதையும் அழித்தார். ஏனென்றால் ரோஜாவின் பருவம் வந்துவிட்டது, கம்ப்யூட்டரில் இடம் வேண்டும். பிறகு அதைப் பெரிதாக அச்சிட்டு, சட்டம் போட்டு, ஒரு சனிக்கிழமை மத்தியானம் மனைவியின் கையில் கொடுத்துவிட்டு, பாராட்டு வாங்குவதற்குத் தோதாக எதிரில் நின்றார்.

படத்தில் புள்ளி இல்லை, கறை இல்லை, நடுக்கம் இல்லை. துணிக்கடை வாசலில் நிற்கிற பொம்மைகள் இரண்டைச் சோபாவில் உட்காரவைத்தது போல அண்ணனும் தங்கையும் ஒரு முழ இடைவெளியில் உட்கார்ந்திருந்தார்கள். மனைவி வெகுநேரம் பார்த்தார். படத்தை ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

“அண்ணன் கை எங்க?”

மடியில் இருக்கிறதே என்றார் நம்மவர்.

“அது இல்ல. என் தோள்ல வச்சிருந்துச்சே.”

நம்மவருக்கு விளங்கிவிட்டது. கஷ்டம் என்னவென்றால், வாயை மூடிக்கொண்டிருக்காமல் விளக்கவும் ஆரம்பித்தார். கை மூன்று படத்தில்தான் இருந்தது, மீதி இருபத்தேழில் இல்லை. அடுக்கும்போது அப்படி வந்து போகிறதை மென்பொருள் தானாகவே தள்ளிவிடும். அது தப்பு இல்லை, அதுதான் அதனுடைய வேலை. ஏரோப்ளேன் குறுக்கே போனால் இப்படித்தான் எடுக்கும் என்று புள்ளிவிவரத்தோடு சொன்னார். மனைவி முழுக்கக் கேட்டார். கணக்கு டீச்சர், சராசரி என்றால் என்னவென்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

“பதினொரு வருஷம் கழிச்சு வந்த கைங்க அது. உங்க மெஷின் அத ஏரோப்ளேன்னு நெனச்சிடுச்சு.”

இதைக் கோபமாகச் சொல்லியிருந்தால் நம்மவர் சமாளித்திருப்பார். சாதாரணமாகச் சொல்லிவிட்டு, படத்தைக் கவிழ்த்து மேஜைமேல் வைத்துவிட்டு அவர் சமையலறைக்குள் போனார். அங்கே குழாயைத் திறந்து விட்டார். அந்தச் சத்தம் ரொம்ப நேரம் நிற்கவில்லை.

நம்மவர் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து தேடினார். அழித்ததை மீட்கும் மென்பொருளைப் போட்டுத் தேடினார். முப்பதும் இருந்த இடத்தில் ரோஜாவின் இடது இதழ் ஏறி உட்கார்ந்திருந்தது. ஆனால் தேடப் போன இடத்தில் ஒரு கோப்புறை முழுசாக, தேதி வாரியாக, ஒன்றுகூடக் குறையாமல் கிடைத்தது: மூடி போட்டு ஃபிரிட்ஜில் எடுத்த இருட்டுப் படங்கள், நானூற்றுப் பன்னிரண்டு. ஒன்றைத் திறந்தார். கறுப்பு. அடுத்ததைத் திறந்தார். அவற்றுக்கு இரண்டு இடத்தில் நகல் வேறு எடுத்து வைத்திருந்தார்.

வாழ்க்கையில் முதல்முறையாகப் பயந்துபோய், தன் இனத்தாரின் வாட்ஸ்அப் குழுவில் படத்தைப் போட்டு, இதில் தள்ளிப்போன ஒரு கையை எப்படியாவது திரும்ப எடுக்க முடியுமா என்று கேட்டார். பதில்கள் உடனே வந்தன. பின்னணி சுத்தமாக இருக்கிறது என்றார் ஒருவர். எத்தனை படம், எத்தனை வினாடி என்றார் இன்னொருவர். பத்து அங்குலத் தொலைநோக்கி வைத்திருப்பதால் பத்து அங்குலம் என்றே அழைக்கப்படும் மூத்த உறுப்பினர், தோல் நிறத்தில் பச்சை லேசாக மிச்சமிருக்கிறது, மற்றபடி அருமை, கை எதற்கு என்று கேட்டிருந்தார். நம்மவர் அந்தக் கேள்வியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். நேற்றுவரை அதையேதான் அவரும் கேட்டிருப்பார்.

இருட்டியபின் மகள் அறைக்குள் வந்து அவர் பக்கத்தில் போனை வைத்தாள். அன்றைக்கு அதை உள்ளே வைக்கச் சொன்னபோது வைத்தாள்தான், பிறகு முக்காலிக்குப் பின்னால் நின்றபோது திரும்ப எடுத்து ஒன்று பிடித்திருக்கிறாள். இத்தனை நாள் ஏன் காட்டவில்லை என்று அவர் கேட்டார்.

“நீங்க இதுக்கும் இது ஒரு படமான்னு கேப்பீங்கப்பா.”

கேட்டிருப்பார். படம் கோணலாக இருந்தது. வெளிச்சம் பின்னாலிருந்து வந்து பாதியைக் கரியாக்கியிருந்தது. இடது பாதி முழுக்க நம்மவரே: குனிந்து கேமராத் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கிற முதுகு, வழுக்கை, பனியனின் கிழிசல். மிச்சமிருந்த வலது பாதியில், ஓரத்தில், கொஞ்சம் கலங்கலாக அண்ணனும் தங்கையும். அண்ணனின் கை தங்கையின் தோளில் இருந்தது. அதன் விரல்கள் அழுந்தியிருந்ததுகூடத் தெரிந்தது. நம்மவர் அதைப் பெரிதாக்கிப் பார்க்கவில்லை. அவருக்கு அது தோன்றவே இல்லை. போனை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய் மனைவியிடம் நீட்டினார். தப்பு பண்ணிட்டேன் என்று சொன்னார். அந்த வார்த்தையை அவர் சொல்லி அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை.

மனைவி ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வாங்கிப் பார்த்தார். பார்த்துக்கொண்டே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். ஆனால் இனத்தின் குணம் ஒரே மாலையில் போய்விடுமா? அந்த முதுகை மட்டும் எடுத்துவிடலாம், அங்கே சோபாவின் மிச்சத்தை வரவழைத்துவிடலாம், அஞ்சு நிமிஷ வேலை என்று நம்மவர் மெல்ல ஆரம்பித்தார்.

“தொடாதீங்க. இருக்கட்டும். அன்னைக்கு நீங்களும்தான இருந்தீங்க.”

இப்போது அந்தப் படம் அவர்கள் வீட்டு ஹாலில் மாட்டியிருக்கிறது. வருகிறவர்கள் எல்லோரும் முதலில் அந்த முதுகு யாருடையது என்று கேட்கிறார்கள், நம்மவர் பதில் சொல்கிறார். ரோஜாவுக்கு ஹாலில் இடம் கிடைக்கவில்லை. அது அறைக் கதவுக்குப் பின்னால் தொங்குகிறது, கதவைச் சாத்தினால்தான் தெரியும். கதவைச் சாத்தும்போதெல்லாம் அதில் நீலம் கொஞ்சம் கூடிவிட்டதாக அவருக்குத் தோன்றுகிறது.

நீங்கள் சிரித்திருப்பீர்கள். உங்களிடம் தொலைநோக்கி இல்லை, கேமராவைக் கத்தரிக்காய் பக்கத்தில் வைக்கிற வழக்கம் இல்லை, நீங்கள் வேறு இனம். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் போன மாதம் ஒரு விருந்தில் வரிசையாக நின்று ஏழெட்டுப் படம் எடுத்துக்கொண்டீர்களே, யாரோ எடுத்து அனுப்பினார்களே, அதில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தை அன்றைக்கே அழித்தீர்கள் அல்லவா? ஒன்றில் யாரோ கண்ணை மூடியிருந்தார், ஒன்று கலங்கியிருந்தது. இன்னொன்றில் எல்லோரும் கேமராவைப் பார்க்க, உங்கள் அம்மா மட்டும் பக்கவாட்டில் திரும்பியிருந்ததால் படம் கெட்டுவிட்டது. அழித்ததையும் முப்பது நாள் வைத்திருக்கும் உங்கள் போன். உள்ளே போய், அம்மா அப்போது யாரைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். இன்றைக்கு எத்தனையாவது நாள் என்று எனக்குத் தெரியாது.